எழுந்து சிரிக்கிற ஷாட்

பட்டர்வொர்த்,
ஞாயிறு சாயங்காலம்.

தம்பி புவனேஸ்வரனுக்கு,

அண்ணி குணவதி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டாயிற்று. இங்கே நானும் பிள்ளை தனுஜாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ ஃபோனை எடுப்பதில்லை. வாட்சப்பில் நான் அனுப்பியதெல்லாம் பார்க்காமல் அப்படியே கிடக்கிறது. சென்னையில் படத்துக்குச் சத்தம் சேர்க்கிற வேலையில் இருக்கிறாய், மூச்சு விட நேரமில்லை என்று அஸ்லான் சொன்னான். பாவம் அந்தப் பிள்ளை, உன் கம்பெனிக்கு மேனேஜர் என்று பெயர், உனக்காக வீடு வீடாகப் போய்ப் பொய் சொல்வதுதான் வேலை. வெள்ளிக்கிழமை அவன் அங்கே வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பினால் உன்னால் வாங்காமல் இருக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

நீ கடைசி வரை படிப்பாயோ மாட்டாயோ, கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தீபாவளிக்கு வரப்போகிற நம் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தில் உன் முத்து அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற ஷாட்டை எடுத்துவிடு. ட்ரெய்லரிலிருந்தும் எடுத்துவிடு. ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதை இப்போது தெரிந்துகொள்.

முதல் பாகத்தை நீ எங்கள் வீட்டில்தான் எடுத்தாய். சமையலறையில் பேய், வரவேற்பறையில் கேமரா, நானும் என் சட்டி பானைகளும் பின்வாசலில். பிறை வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற என் வீட்டு மனுஷன், வருஷ லீவு மொத்தத்தையும் உனக்கே எழுதிக் கொடுத்தார். அவருக்கு நீ கொடுத்தது ஒரே ஒரு சேட்டை. பேயைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி விழ வேண்டும், பேய் அந்தப் பக்கம் போனதும் ஒரு கண்ணை மட்டும் திறக்க வேண்டும். படம் ஓடியதே அதற்காகத்தான். பசாரில் மீன் வெட்டுகிறவர்கூட அவரைப் பார்த்தால் கத்தியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடிப்பார். இவருக்கு வாயெல்லாம் பல். நீயும் பெரிய டைரக்டர் ஆகிவிட்டாய், டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர் ஒருவர் வலிய வந்து அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் ஆனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் கதையை நீ எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் சொன்னாய். இந்த முறை அண்ணன் நிஜமாகவே செத்துப் போகிறார், எல்லோரும் வழக்கம்போல நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள், அப்புறம் அவரே பேயாக வருகிறார் என்றாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று சடைத்துக்கொண்டேன். நீதான் சமாதானம் சொன்னாய். சினிமாவில் செத்தவராக நடிக்கிறவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் அண்ணி, ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வைப்போம், அதோடு தோஷம் கழிந்துவிடும் என்றாய். அவரும் அங்கேயே தரையில் படுத்து எழுந்து ஈயென்று காட்டினார். நான் விளக்கு வைக்கப் போய்விட்டேன்.

ஷூட்டிங் அன்றைக்கு அவர் தீவுக்கு ஃபேரியில் போனார். மதியத்துக்கு மேல் நீ அழைத்தாய். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என்னிடம் என்ன சொன்னாய்? எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், களைப்பாக இருக்கிறது என்று ஓரமாகப் படுத்தார், தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு வலியும் இல்லை அண்ணி என்றாய். நீ அழுத அழுகையில் நான்தான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அதையே சொன்னேன், நோவு நொடி இல்லாமல் போன புண்ணியவான் என்று. பைராம் தோட்டத்திலிருந்து வந்த உங்கள் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளிடமும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி நான் சோறு தின்றேன்.

ட்ரெய்லர் வந்த மறுநாள் ஃபாத்தின் வீட்டுக்கு வந்தாள். உன் படத்துக்கு மேக்கப் போட்ட அதே ஃபாத்தின்தான், இப்போது உன்னிடம் வேலை செய்வதில்லை. நம்மோடு சுற்றிச் சுற்றி அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும் என்பதை நீ மறந்திருப்பாய். உட்கார்ந்ததும் அழத் தொடங்கினாள். எப்போதும்போல அக்காவை மலாயில் கூப்பிட்டு, கக்கா, உங்களிடம் சொல்லாமல் நான் இருக்க முடியாது லா என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்துப் பேச வைத்தேன்.

அவள் சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. தீவில் பிட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு பழைய கடைவீடு. பட்டப்பகலை இரவாகக் காட்ட ஜன்னல் கதவெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தாய். உள்ளே காற்றே இல்லை, போதாததற்கு விளக்குச் சூடு. முதல் டேக்கில் மைக் குறுக்கே வந்துவிட்டது. இரண்டாவது டேக் எல்லோருக்கும் பிடித்திருந்தது, உனக்கு மட்டும் பிடிக்கவில்லை. நம்புகிற மாதிரி இல்லை என்றாய். அவர் எழுந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நெஞ்சை அடைக்கிறது, கை கடுக்கிறது, கிளினிக் போய்விட்டு வந்துவிடுகிறேன் தம்பி என்று உன்னிடம் கேட்டார். கடைவீட்டைச் சாயங்காலம் சொந்தக்காரத் தௌக்கேயிடம் ஒப்படைக்க வேண்டும், ஒரே ஒரு ஷாட்தான், முடிந்ததும் கிளினிக் போகக் காடி தயாராக நிற்கும் என்றாய். ஃபாத்தின் அவர் முகத்து வேர்வையைத் துடைக்கப் போனாளாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவள் கையைப் பிடித்தாயாம். அதற்குப் பிறகு அவர் தோளைத் தட்டிக் கொடுத்து நீ சொன்னாயே, அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வலி முகத்துல சூப்பரா தெரியுதுண்ணே. அதையே வெச்சுக்குங்க."

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவர் விழுந்தார். கதைப்படி அசையாமல் கிடக்க வேண்டும், கிடந்தார். மூச்சுகூடத் தெரியவில்லை, என்ன நடிப்பு என்று கேமராக்காரர் உன் காதில் சொன்னாராம். கட் என்றதும் கை தட்டினீர்கள். எழுந்து சிரிக்கிற ஷாட்டுக்காக எல்லோரும் அவரைச் சுற்றி வந்து கேமராவைப் பார்த்து நின்றீர்கள், எழுந்திருங்கண்ணே, சிரிங்கண்ணே என்று கூப்பிட்டீர்கள். அவர் எழவில்லை, மனுஷன் இன்னும் விளையாடுகிறார் என்று மறுபடி கை தட்டினீர்கள். ஃபாத்தின்தான் குனிந்து தொட்டிருக்கிறாள்.

அந்த ஷாட்டைத்தான் நீ படத்தில் வைத்திருக்கிறாய்.

என்ன மனுஷன்டா நீ? பேய்ப் படம் எடுத்து எடுத்து உனக்கு மனுஷ பயமே விட்டுப் போய்விட்டதா? தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், அப்புறம் உன்னையும் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவசரம், சூடு, நூறு தொல்லை, அவரும் எதற்கெடுத்தாலும் நெஞ்சைப் பிடித்துக் காட்டுகிறவர், உனக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அன்றைக்கு நடந்ததை எப்படியோ நான் முழுங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு ஒரு நாள் ஏசி அறையில் உட்கார்ந்து, மூன்று டேக்கையும் போட்டுப் பார்த்து, இதுதான் நன்றாக இருக்கிறது என்று பொறுக்கி எடுத்தாயே. அது அவசரத்தில் செய்ததா? அப்போது உன் கையைப் பிடிக்க ஒருத்தர்கூட இல்லையா?

பத்திரிகைக்காரர்களிடம் நீ பேசியதையும் பார்த்தேன். அன்றைக்கு எழுந்து சிரிக்கிற ஷாட் எடுக்காமல் விட்டதுதான் குறை, அதன் பிறகு அந்தக் கடைவீட்டில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது என்று கண் கலங்கச் சொல்கிறாய். பேய்ப் படத்துக்கு என் புருஷனையே பேயாக்கி விளம்பரம் செய்கிறாய். சிரிக்காததால் அவர் சாகவில்லை. கிளினிக் போகவிடாததால் செத்தார். அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தால் இரண்டு கிளினிக் இருக்கிறது, ஃபேரியை விட்டு இறங்கி நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இவ்வளவும் என்னோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். உன் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதேபோல விழுந்து ஃபோனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். தனுஜாவின் பள்ளிக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் அதுதான் விளையாட்டு. அப்பா நடித்த ஷாட் என்பதால் அவளைத்தான் முதலில் விழச் சொல்கிறார்களாம், அதில் அவளுக்குப் பெருமை. போன செவ்வாய்க்கிழமை என் முன்னால் வந்து நின்றாள். நெஞ்சைப் பிடித்தாள், வாயைக் கோணினாள், கண் மேலே போயிற்று, தொப்பென்று விழுந்தாள். அச்சு அசல் அதே முகம். விழுந்த இடத்திலிருந்தே, அப்பா மாதிரி இருக்கா அம்மா என்று கேட்டாள். ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டேன். எதற்கு அடித்தேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லிக் கொடு.

அஸ்லான் பழக்கூடையோடு வந்தான். ஷாட்டை எடுக்க முடியாது அக்கா, ட்ரெய்லரே அதனால்தான் இவ்வளவு பேரிடம் போயிருக்கிறது, டத்தோ சம்மதிக்க மாட்டார் என்றான். படத்தின் முடிவில் அண்ணன் படத்துக்கு மாலை போட்டு அஞ்சலி வருகிறதாம். முதல் காட்சியன்று என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவீர்களாம். உனக்கும் தூக்கமே இல்லை, மாத்திரை போட்டுத்தான் படுக்கிறாய் என்றும் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

என் அண்ணன் போலீஸ், வக்கீல் என்று குதிக்கிறார். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போனால் அந்த ஷாட்டை அங்கேயும் போட்டுக் காட்டச் சொல்வார்கள். நான் எத்தனை தடவைதான் பார்ப்பது?

தம்பி, உனக்கு நஷ்டமில்லாத ஒரு வழி சொல்கிறேன். இரண்டாவது டேக் உன்னிடம் இருக்கிறது. அதை வை. நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும், அது நம்புகிற மாதிரி இல்லாமலே இருக்கட்டும். ஜனங்கள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தால் குடி முழுகிவிடாது. அதில் அவர் நடிக்கிறார். விழுந்துவிட்டு எழுந்து வருகிறார். அவர் வேலையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் நானும் தியேட்டருக்கு வந்து பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். மூன்றாவதில் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னதையேதான் மறுபடி சொல்கிறார். நாடு முழுக்க அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா?

டத்தோ ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மறுபடி ஆள் அனுப்பாதே. டைரக்டர் நீ. அவரைத் திரும்பப் போய் விழச் சொன்னபோது டத்தோவிடம் கேட்டுக்கொண்டா சொன்னாய்?

தனுஜா தூங்கி எழுந்துவிட்டாள், அவளுக்குச் சாப்பாடு போட வேண்டும். நிறுத்துகிறேன்.

உன்னைச் சபிக்க வாய் வரவில்லை. என் கையால் சாப்பிட்ட பிள்ளை, அவர் இருந்தாலும் விடமாட்டார். நீ நன்றாக இரு. படம் ஓடட்டும், இன்னும் பத்துப் படம் எடு, நீண்ட ஆயுசோடு இரு. என்றைக்காவது உனக்கு வலிக்கிறது என்று நீ சொன்னால், பக்கத்தில் நிற்கிறவர்கள் உடனே நம்பட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
குணவதி பிச்சைமுத்து