படகின் பின்னால் கூப்பிடக் கூடாது

அன்புள்ள மகள் மார்ஸலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே டாஸ்மேனியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஆடுகள் சுகம், நாய் சுகம், அம்மாவும் நானும் ஜன்னலை விட்டு நகராமல் நிற்கிறோம். உன் சிவப்புக் கம்பளித் தொப்பி கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்குகிறது, அம்மா அதை யாரையும் தொட விடுவதில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை கண்ணு. உன் தம்பி ஆலிக் எதிர்த்தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறான், அவனுடைய இன்ஹேலர் இங்கே சமையலறை மேஜையில் என் கண் முன்னால் இருக்கிறது. புயலில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது, நேற்று மத்தியானத்திலிருந்து எந்தப் பக்கமும் பேச முடியவில்லை. பயமாக இருக்கிறது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஓய்ரிக் டீச்சர் நடத்துகிற பிள்ளைகள் பாட்டுக் குழு உனக்குத் தெரியாததில்லை, நீயும் அதில் பிடில் வாசித்தவள்தானே. இந்த வருஷம் அதில் பெரிய வாயாடி ஆலிக்தான். வீட்டில் நான் நம் கேலிக் மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பயல், அங்கே போனால் கேலிக்கிலேயே வம்பளக்கிறான், என் டிராக்டரைக் கிண்டலடித்துப் பாட்டுக் கட்டி ஊர் முழுக்கப் பாடிவிட்டான், அந்தப் பாழாய்ப்போன பாட்டுக்கு இப்போது பாதிரியாரே தாளம் போடுகிறார். போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் இவர்கள் வைத்த கச்சேரிக்கு எதிர்த்தீவுக்காரன் டோர்க்கிலால் வர முடியவில்லை, கிடா முட்டிக் கால் முறிந்து கிடக்கிறான். அவன் வர முடியாவிட்டால் கச்சேரி அவனிடம் போகட்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். நேற்றுக் காலையில் படகோட்டி நீலின் படகில் டீச்சரோடு எல்லோரும் ஏறினார்கள், பிடில், அக்கார்டியன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு. கடல் அசையாமல் கிடந்தது, சிரித்துக்கொண்டேதான் போனார்கள்.

படகு துறையை விட்டு நகர்ந்த பிறகுதான் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள், கையில் இன்ஹேலர். கூப்பிடு தூரம்தான் மார்ஸலி. ஒரு குரல் கொடுத்திருந்தால் நீல் திருப்பியிருப்பான். அவள் வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கடலுக்குப் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டுத் திருப்பக் கூடாது, திருப்பினால் கடல் அவனைக் குறித்து வைத்துக்கொள்ளும் என்று உனக்கும் சொல்லித்தான் வளர்த்தேன், என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அதை மீறியதே இல்லை. சாயங்காலம் வந்துவிடப் போகிறான், அதற்குள் என்ன ஆகிவிடும் என்றேன். அம்மா என் கையை உதறினாள். "அவனுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் கையை நான் மறக்கவே மாட்டேங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீயைக்கூட மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அவர்கள் கரையேறி டோர்க்கில் வீட்டுக்கு நடந்ததைத் தொலைநோக்கியில் பார்த்தேன், அதுவரைக்கும் நல்லது. மத்தியானம் காற்று திரும்பியது, அப்புறம் இரண்டு தீவுக்கும் நடுவே கடலில் எந்தப் படகையும் இறக்க முடியவில்லை. நீலின் படகு வயர்லெஸ்ஸும் பதில் சொல்லவில்லை. துறை வயர்லெஸ்ஸில் ஹெலிகாப்டர் கேட்டோம், காற்று அடங்கினால்தான் பறக்க முடியும் என்றார்கள். டோர்க்கில் வீட்டை உனக்குத் தெரியும், ஒரே அறை, பெயின்ட் ஒட்டித் திறக்காத ஜன்னல், நடுவில் சதுப்பில் வெட்டிய கரி மண்ணை எரிக்கிற அந்த அடுப்பு. அவன் அம்மா காலத்திலிருந்து அணையாத நெருப்பு, தான் செத்தால்தான் அணையும் என்று அவனே பெருமையாகச் சொல்வான். அந்தப் புகைக்குள் நம் பையன். அதுவும் சும்மா உட்கார மாட்டானே. வாத்தியம் இல்லாமல் வாயாலேயே ஆட்டத்துக்குப் பாடுவார்களே, அதை யார் ஒரே மூச்சில் அதிகம் பாடுகிறார்கள் என்று இந்தப் பிள்ளைகளுக்குள் போட்டி. ஆலிக் தோற்கவே மாட்டான். ராத்திரி முழுக்க அதுதான் என் மண்டைக்குள் ஓடியது, அவன் மூச்சை அடக்கிப் பாடுகிறான், பாடுகிறான், அப்புறம் சத்தம் இல்லை.

இப்போது விடிந்து நன்றாக வெளுத்துவிட்டது. அம்மா தொலைநோக்கியை என் பக்கம் நீட்டினாள். பார்த்தேன். டோர்க்கில் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், இல்லை. கடவுளே, மார்ஸலி, இல்லை. பேனாவை இங்கே வைக்கிறேன்.

சில நாள் ஆகிவிட்டது, மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன். பயப்படாதே, உன் தம்பி உயிரோடு இருக்கிறான், இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், நான் முட்டாள். அன்றைக்குப் புகை இல்லை என்று பார்த்ததும் நான் காற்றையும் பார்க்கவில்லை, அலையையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துக்கொண்டு ஓடி எங்கள் படகைத் தள்ளிவிட்டேன். அலை தூக்கி அடிக்கிறது, துறையிலிருந்து அம்மா குரல் கேட்கிறது. கத்துகிறாள் மார்ஸலி, படகின் பின்னால் நின்று என் பெயரைச் சொல்லி ஊரே கேட்கிற மாதிரி கத்துகிறாள். "லாக்லன்! திரும்புங்க! மருந்தை விட்டுட்டுப் போறீங்க!" என்று. ஆமாம். எதற்காகப் போகிறேனோ அதையே மேஜையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். நான் திரும்பினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, "இப்பப் போங்க" என்றாள்.

அங்கே நான் கதவைத் திறக்கும்போது அறை கிணறு மாதிரி சில்லென்று இருந்தது. அடுப்பு ஈரமாகக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி இல்லை, டோர்க்கில் ஊன்றுகோலால் உடைத்திருக்கிறான். பிள்ளைகள் கம்பளிக்குள் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆலிக்கை ஜன்னலோரம் நிமிர்த்தி உட்கார வைத்து, டீச்சர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஒரு தாலாட்டை மெதுவாக முனகினாள், அந்தத் தாளத்துக்குத்தான் அவன் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான், ராத்திரி முழுக்க அப்படியேதானாம். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்தை அடித்தோம், அப்புறம் ஹெலிகாப்டர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். பையனுக்கு இழுக்க ஆரம்பித்த உடனேயே டோர்க்கில் ஒற்றைக் காலில் நொண்டிப் போய் ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டிவிட்டானாம். உன் அம்மா காலத்து நெருப்பாயிற்றே என்று நான் டோர்க்கிலிடம் தயங்கிக் கேட்டேன். "நெருப்பை நாளைக்கு மூட்டிக்கலாம் லாக்லன். பையனோட மூச்சை நாளைக்கு மூட்ட முடியுமா?" என்றான். அவன் யோசிக்கக்கூட இல்லை என்று டீச்சர் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள்.

அம்மா இப்போது பேசுகிறாள், பெரும்பாலும் திட்டத்தான், அதுவே எனக்குப் போதும். ஆலிக் தன்னைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டுகிறானாம், அதில் நான் மருந்தை மறந்ததும் வருகிறது. சிரிக்க முயற்சி செய்கிறேன். ஆனால் அவன் தூங்கும்போது கதவருகே போய் நின்று காது கொடுத்துக் கேட்கிறேன், இந்தப் பயம் போகாது போலிருக்கிறது.

கடவுள் உன்னை எந்தத் தண்ணீரிலும் கைவிடாமல் இருக்கட்டும். உள்ளே கம்பளி போடாமல் வெளியே போகாதே, கப்பலுக்குச் சமைக்கிற நீயே பட்டினி கிடந்தால் அந்தக் கப்பல் உருப்படாது. இன்னொன்று. புதுவருஷம் பிறந்ததும் தென் துருவத்துக் கப்பலில் ஏறிவிடுவேன், அதற்குள் வர முடியாது என்று எழுதியிருந்தாய், நான் சரி என்று எழுதினேன். நீ இங்கிருந்து போன அன்று தொப்பியை வண்டியில் விட்டுவிட்டுக் கப்பலேறினாய். தொப்பி என் கையில்தான் இருந்தது, நீ மேல்தளத்தில்தான் நின்றாய், நான் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறேன். மார்ஸலி, திரும்பு. தொப்பியை விட்டுவிட்டுப் போகிறாய். வந்து எடுத்துக்கொண்டு அப்புறம் போ.

உன் அன்பு அப்பா,
லாக்லன்