மஃறூப் நானா வேண்டாமென்று சொன்ன டயர்

2024 செப்டம்பர் 11, புதன்

பட்டிப்பொலயிலிருந்து திரும்பும்போது ஒரு வளைவில் ஜீப் லேசாக இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். நான்கு டயரும் வழுவழுவென்று இருக்கின்றன. இனித் தள்ளிப்போட முடியாது.

செப்டம்பர் 14, சனி

ராகலையில் மஃறூப் நானாவின் டயர் கடைக்குப் போனேன். டீச்சராக இருக்கும் என் மனைவி கிருஷாந்திக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், அவளும் கூட வந்தாள். பன்னிரண்டு வருஷமாக என் ஜீப்புக்கு அங்கேதான் டயர்.

மட் டயர் வேண்டும் என்றேன். பெரிய பெரிய பல்லோடு, பக்கவாட்டிலும் பல் வைத்த அந்த முரட்டு டயர். நானா எழுந்து போய் எடுத்து வரவில்லை. உட்கார்ந்தபடி கேட்டார்.

"மாசத்துல எத்தன நாள் சேத்துல ஓடுறீங்க?"

"ரெண்டு மூணு நாள் நானா. தோட்டத்து ரோட்டுல ஏறும்போது."

"மத்த நாளெல்லாம்?"

"காபட் போட்ட தார் ரோட்டுதான். ஹோர்ட்டன் சமவெளிக்கு டூரிஸ்ட் ஹயர், நுவரெலியா, இங்க."

"அந்த ரோட்டு எப்பவும் ஈரமாத்தான் ஈக்கி. அப்ப மூணு நாளைக்குப் பாத்து டயர் போடுறதா, இருபத்தேழு நாளைக்குப் பாத்துப் போடுறதா?"

இரண்டு டயரைப் பக்கத்தில் பக்கத்தில் உருட்டி வைத்து என் கட்டைவிரலைப் பிடித்துத் தடவ வைத்தார். எல்லா ரோட்டுக்குமான ஓல் டெரெய்ன் டயரின் பல்லில் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள். அதுதான் ஈரத்தைக் கடிக்கும் என்றார். கல்லு ரோட்டும் தாங்கும், ஓரளவு சேறும் ஏறும். மட் டயரின் பல்லில் வெட்டே இல்லை. பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம், ரோட்டில் படுகிற ரப்பர் குறைவு. "சேத்துல இது ராசா. ஈரக் காபட்டுல புடிக்காது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் ஹயர் பிடிக்க வரும் வெள்ளைக்காரர்கள் முதலில் எந்த ஜீப்பைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே என்னோடு ஓட்டும் நிரஞ்சனின் ஜீப்பைத்தான். அவன் வண்டி காட்டுக்குப் போகிற வண்டி மாதிரி நிற்கும், என்னுடையது கல்யாணத்துக்குப் போகிற வண்டி மாதிரி. இதை அவரிடம் சொல்லவில்லை. "நான் பாத்துக்கிறேன் நானா" என்றேன்.

அவர் மட் டயரையே எடுத்தார். டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்க எண்ணைக் காட்டி, எந்த வருஷம், அந்த வருஷத்தில் எத்தனையாவது கிழமை செய்தது என்று வாசித்துச் சொன்னார். இந்த வருஷத்து டயர். மாட்டி முடித்ததும் கதவருகே வந்து, "ஈரத்துல எறக்கம் வந்தா மெதுவா வாங்க. சட்டுனு பிரேக் போட வேணாம்" என்றார்.

செப்டம்பர் 16

ஸ்டாண்டில் எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். நிரஞ்சன் போட்டோ எடுத்தான். ரோட்டில் சத்தம் கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை.

அக்டோபர் 5

தோட்டத்து மேல் டிவிஷன் ரோட்டில் லொறி சேற்றில் புதைந்து கிடந்தது. நான் பக்கத்தாலேயே ஏறிப் போனேன். லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். நானாவுக்கு டயர் விற்கத் தெரியும், ஓட்டத் தெரியுமா?

அக்டோபர் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காளியாயி அக்காவுக்கு நுவரெலியாவில் பிரஷர் கிளினிக். நாங்கள் லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்துக் காம்பிரா, அடுத்த அறை. இப்போதும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். பஸ் போய்விட்டது, ஏற்றிக்கொண்டேன். நல்ல மழை. "கிளினிக்ல நம்பர் குடுத்து முடிஞ்சிரும் தம்பி, கொஞ்சம் சீக்கிரமா போ" என்றார்கள்.

கந்தப்பளை தாண்டி ஒரு இறக்கம். வளைவில் பஸ் நடு ரோட்டில் வந்தது. பிரேக்கை மிதித்தேன். நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய் மண்மேட்டில் முட்டியது. அக்கா கையை முன்னால் ஊன்றிவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கத்தக்கூட இல்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார்கள்.

பொலிஸில் மழை, வழுக்கல் என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் அறுபதில் போனேன். அந்த இறக்கத்தில், அந்த மழையில், அந்த டயரில். இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 25

பம்பரைச் சரிசெய்துகொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லோரும் கூடிவிட்டார்கள். நிரஞ்சன் கேட்டான்: "என்னண்ணே, புது டயர்தானே? எப்புடி வழுக்குச்சு?"

"புதுசுன்னு சொல்லித்தான் தந்தாரு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று ஒருவர். தேதியை அழித்துவிட்டு விற்பார்கள் என்று இன்னொருவர். பின்னாலிருந்து யாரோ, "அவங்க ஆளுங்க யாவாரமே அப்புடித்தானே" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. குனிந்து பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

கிருஷாந்தி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "மஃறூப் நானா பழைய டயர குடுத்துட்டாராமே. டீச்சர்மாரு பேசிக்கிறாங்க. யாரு சொன்னது?"

"ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க."

"நானும் அன்னைக்கு கடையிலதானே நின்னேன்."

மடித்த என் சட்டையை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 31, தீபாவளி

பலகாரம் எடுத்துக்கொண்டு காளியாயி அக்காவைப் பார்க்கப் போனோம். கையில் மாவுக்கட்டு. இடது கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம், வேலைக்குப் போகக்கூடாதாம்.

அவர்களுடைய மகள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். அக்கா அவளை அதட்டினார்கள். "தம்பி மேல கோவப்படாத. நான்தான் சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு அவசரப்படுத்துனேன். என் வாயாலதான் வந்துச்சு."

கிருஷாந்தி என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த முறுக்கைப் பார்த்தேன்.

என்ன மனுசன் நான்? கை ஒடஞ்சவங்க குத்தத்த தானே சொமந்துக்கிட்டு இருக்காங்க. நான் அத சொமக்க விட்டுட்டு பலகாரம் திங்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ராகலைக்குப் போனேன். நானாவின் கடை முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. இந்த நேரத்தில் எப்போதும் இரண்டு மூன்று நிற்கும். ஸ்டாண்டில் நான்கு பேர் இந்த மாதம் நுவரெலியாவில் டயர் போட்டுக்கொண்டார்கள். நானா வாசலில் தனியாக நின்றார். என் ஜீப்பைக் கண்டதும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்.

தூக்கினார். அவருக்குக் கதை தெரியாமலா இருக்கும்?

நான் நிறுத்தவில்லை.

நவம்பர் 13

சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

நவம்பர் 19, செவ்வாய்

போய்விட்டேன். கடைக்கு எதிரே நிறுத்தி, ஒரு கால் மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, பிறகு போனேன்.

நானாவின் மனைவி ஸாலிஹாவும் உள்ளே இருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பிறகு அதுவும் ஒரு சாக்குத்தான் என்று தோன்றியது. சொன்னேன். டயரில் பிழை இல்லை, நான்தான் வேகமாகப் போனேன், நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை, ஸ்டாண்டில் உங்கள் மேல் பழி வர விட்டேன் என்று.

நானா கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கு இது தெரியும் கஜேந்திரன். டயரை வித்தது நான்தானே. என்கிட்ட சொல்லி என்ன? எங்க சொன்னீங்களோ அங்க போய் சொல்லுங்க."

எப்போதும் "கஜே" என்றுதான் கூப்பிடுவார்.

எழுந்தபோது ஸாலிஹா மெதுவாகச் சொன்னார்: "மகள்ட ஸ்கூல்லயும் புள்ளைங்க கேட்டிருக்கு தம்பி. ஒங்க வாப்பா ஏமாத்திட்டாராமேன்னு."

நவம்பர் 20

ஸ்டாண்டுக்குப் போனேன். சொல்லவில்லை. நிரஞ்சன் ஹயருக்குப் போயிருந்தான், எல்லோரும் இருக்கும்போது சொல்லலாம் என்று—

நவம்பர் 21

எல்லோரும் இருந்தார்கள். சொல்லவில்லை.

நவம்பர் 23, சனி

இன்று சொன்னேன். காலை ஹயரெல்லாம் திரும்பி, பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "மஃறூப் நானா குடுத்தது இந்த வருஷத்து டயர். வந்து நம்பரைப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். யாரும் நகரவில்லை. நானே குனிந்து விரலை வைத்துக் காட்டினேன். ஈர ரோட்டுக்கு இது வேண்டாம் என்று அவர் சொன்னதையும், நான் அறுபதில் போனதையும், வெள்ளைக்காரர்கள் பார்க்கட்டும் என்றுதான் இந்த டயரைப் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

ஒருவர் சிரித்தார். இரண்டு பேர் எழுந்து தங்கள் வண்டிக்குப் போனார்கள். நிரஞ்சன்தான் கேட்டான்: "அப்ப ஏண்ணே ஒரு மாசமா சும்மா இருந்தீங்க? நானும் பத்துப் பேருக்கு சொல்லிட்டேனே."

"வெக்கமா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் இல்லை.

அவன் என்னைத் தேற்றவில்லை. "இனி நானும் போயி அந்தப் பத்துப் பேருக்கிட்ட சொல்லணும்" என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் 24, ஞாயிறு

காளியாயி அக்காவிடம். இது ஸ்டாண்டைவிடக் கஷ்டமாக இருந்தது. மகளையும் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன்.

அக்கா மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் சொன்னதால இல்லையா?"

"இல்லக்கா. நீங்க சொன்னாலும் ஓட்டுனது நான்தானே."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் கோயில்ல போயி அழுதேன், ஒன் வண்டிய ஒடச்சிட்டேன்னு."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். வெளியே வரவில்லை. மகள் வாசல்வரை வந்தாள். "இப்ப போங்க மாமா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 14, சனி

மட் டயரைக் கழற்றியாயிற்று. ராகலைக்கு மேலே மரக்கறித் தோட்டக்காரர் சின்னத்தம்பி எடுத்துக்கொண்டார். அவருடைய ஜீப் தோட்டத்துச் சேற்றை விட்டு வெளியே வருவதில்லை. அந்த வண்டிக்கு அது நல்ல டயர்தான்.

இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. "என் ஓட்டத்துக்கு எது சரியோ அத போடுங்க நானா" என்றேன். அவர் என்னைப் பழக்கமில்லாத ஆளைப் போலவே விசாரித்தார். எத்தனை பேர் ஏறுவார்கள், மேலே சாமான் கட்டுவீர்களா, கல்லு ரோட்டில் எவ்வளவு தூரம். கம்பெனி சொன்ன அளவை மாற்றவில்லை. பெரிதாகப் போட்டால் திருப்பும்போது உரசும் என்றார். நடுவில் பற்கள் நெருக்கமாக, மெல்லிய வெட்டுகள் உள்ள ஓல் டெரெய்ன். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. காற்று எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். காபட்டுக்கு ஒன்று, கல்லு ரோட்டுக்குக் கொஞ்சம் குறைத்து ஒன்று.

தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நிரஞ்சனின் ஜீப் ஜாக்கில் நின்றது. அவனும் என்னோடு அதிகம் பேசவில்லை.

டிசம்பர் 30

மழை. கந்தப்பளை இறக்கம். முப்பதில் வந்தேன். டயர் பிடித்தது. அந்த மண்மேட்டைத் தாண்டும்போது கண்ணை அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை.

2025 ஜனவரி 16, வியாழன்

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் கொழுந்துக்கு இல்லை. மணிக்கட்டு முன்போல மடங்கவில்லையாம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயரைப் புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். கை சரியானால் பார்க்கலாம் என்றார். கிளினிக்குக்குப் பஸ்ஸில்தான் போகிறார்கள். நேற்று பஸ் தரிப்பில் கண்டு நிறுத்தினேன். "நீ போ தம்பி" என்றார்கள். கோபமாக இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

மத்தியானம் மஃறூப் நானா எனக்குப் போன் எடுத்தார். ஸாலிஹாவுக்கு நாளைக்கு நுவரெலியாவில் கண் காட்ட வேண்டுமாம், மகளும் போகிறாளாம்.

"காலைல வர ஏலுமா கஜே?"

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஏழரைக்கு என்றார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு கிருஷாந்தி யார் என்று கேட்டாள். வெளியே போய் நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.