கட்டாயம் வரும் என்று நீ சொன்ன கடிதம்

மச்சான்,

நேற்று மிசிசாகாவில் யப்பான் சாமான் விற்கும் கடையொன்றில் மானம் போனது. அந்த நாட்டுப் பிள்ளைகள் முதுகில் போடும் பள்ளிக்கூடப் பை ஒன்று தொங்கியது. அங்கே இருக்கும் என் பேரன் எதைச் சுமக்கிறான் என்று பார்க்கும் ஆசையில் தோளில் மாட்டினேன். மாட்டியது கழலவில்லை. கடைப் பிள்ளை ஓடி வந்து வாரை இழுத்து என்னை விடுவித்தாள். புதுத் தோல் மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது. அந்த மணத்தோடு நீயும் வந்தாய்.

ஓ.எல். சோதனை இரண்டு தரம் எழுதியும் கணிதம் பிடிபடாத எனக்கு, யப்பான் என்றால் நீதான். கனடாவுக்கு வருமுன் குடும்பத்தோடு அங்கே இருந்தவன் நீ. "என்ர பெடியன் அங்கை படிச்சவன். அங்கை பிள்ளையள்தான் வகுப்பைக் கூட்டித் துடைக்கிறது, தெரியுமோ?" என்பாய். அதை நம்பி என் மகளைக் குளியலறை கழுவ வைத்தேன். "யப்பான் தண்டனை" என்று அவள் அதற்குப் பெயர் வைத்தாள்.

அவளே கலியாணம் கட்டி யப்பானுக்குப் போவாள் என்று யார் கண்டது? போன குளிருக்குள் போன் எடுத்தாள். "அப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திட்டுது. எங்களுக்கு வரேல்லை."

உன்னிடம்தான் கேட்டேன். சிரித்தாய்.

"விசர்க் கதை கதையாதை. அங்கை ஒன்பது வருசம் கட்டாயக் கல்வி. ஆறு வயசானா நகரசபையே கடிதம் அனுப்பும். கட்டாயம் வரும்!"

நானும் உன்னைவிடச் சத்தமாக மகளுக்குச் சொன்னேன். "ஆரப்பா உங்களுக்குச் சொன்னது?" என்றாள். "அங்கை பிள்ளை படிப்பிச்ச மனுசன்" என்றேன். அவள் பொறுத்திருந்தாள்.

மார்ச் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். ஏப்ரலில் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியது. புதுப் பையோடு பிள்ளைகள் தாய் தகப்பனின் கையைப் பிடித்துப் போவதை என் பேரன் யன்னலோடு நின்று பார்த்தானாம். மகள் நகரசபைக்கு ஓடினாள்.

"அப்பா, கட்டாயம் எண்டது யப்பான்காரருக்குத்தானாம். எங்களுக்கு இல்லையாம். விருப்பமெண்டா நாங்கள்தான் போய்க் கேக்கோணுமாம். கேட்டிருந்தா அண்டைக்கே காசில்லாமல் சேர்த்திருப்பினமாம்."

பிறகு சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கூட்டாளி பிடித்து முடித்த வகுப்புக்குள் பாஷை தெரியாத என் பேரன் தனியே போனான். இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்கிறாள் மகள்.

அப்போதும் உன்னைக் கோபிக்கவில்லை, மச்சான். சட்டம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு ஸ்ரௌவ்வில்லில் உன் மகன் வீட்டுக்கு வந்தபோது, "தம்பி, உன்னை அங்கை எப்பிடிச் சேர்த்தவை?" என்று கேட்டேன்.

"அங்கிள், நான் எங்க போனனான்? ரெண்டு வருசம் வீட்டிலை டிவிதான். அம்மா கேக்கிற நேரமெல்லாம், கடிதம் கட்டாயம் வரும் எண்டுவார் அப்பா. வராமலே கனடாவுக்கு வந்திட்டம்."

"வகுப்புக் கூட்டினது?"

"அது மேல்வீட்டுப் பெடியன் சொன்ன கதை. அப்பா அதை என்ர கதையாக்கிப்போட்டார்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டது இன்னும் ஞாபகம்" என்றான்.

கையில் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் நீயும் என்னைப்போல ஒரு மொக்கன் என்று விட்டிருப்பேன். உனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு வராத கடிதத்தை எனக்கு வரும் என்றாய். பழைய பெருமை கலையக்கூடாது என்பதற்காக ஒரு சின்னப் பிள்ளையைக் காக்க வைத்தாய். இன்றைக்கும் யாராவது "கட்டாயம் வாறன்" என்றால் உன் குரல்தான் கேட்கிறது, நம்ப முடியவில்லை.

சாப்பாடு முடிய உன் மனைவி, "அண்ணை, அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்றார். எழும்பினேன். "எல்லாருக்கும் வழி சொன்ன மனுசன்" என்றேன். சனம் தலையாட்டியது. கதிரையில் இருந்துவிட்டேன்.

வாய்வரை வந்து நின்றது இதுதான்: உன்ர பிள்ளை யன்னலோடை நிண்டதை எனக்கு ஒருக்கால் சொல்லியிருந்தா, என்ர பேரன் நிண்டிருக்க மாட்டானடா.