பாலத்தைத் தாண்டாத படகு

சாலோன் படகுத்துறை,
1955 ஜனவரி 19, புதன்கிழமை.

அன்பு மகள் கிஸ்லேனுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளை ரெமியும் ஆப்பிரிக்காவுக்கு, அந்த டாக்காருக்குப் புறப்படுகிறீர்கள். அதற்குள் மாக்கோனுக்கு வந்து உன்னைப் பார்த்துவிடுவேன் என்று எழுதியிருந்தேன். வர முடியவில்லையடி. சோன் ஆறு எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் தூங்கி வழியும் ஆறு, உனக்குத் தெரியாததா! வெர்தனில் வந்து சேரும் மலையாறு தன் தண்ணீரையெல்லாம் இதில் கொட்டிவிட்டது. புல்வெளிகள் கடலாகிவிட்டன. 1840 வெள்ளம் ஏறிய உயரத்துக்குச் சுவரில் வெட்டிய அடையாளக் கோட்டைத் தொடுமா தொடாதா என்று ஊரில் பந்தயம் கட்டுகிறார்கள்.

வெள்ளத்தின் மேல் பழி போட்டு என்ன? தப்பு உன் அப்பாவுடையது. இங்கே நம் படகிலிருந்து நிலக்கரியை இறக்கியதும் மாக்கோனுக்குக் கூரை ஓடு ஏற்றுவதாகப் பேச்சு. அதற்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இவருக்குப் பொறுக்கவில்லை. "காலிப் படகுன்னா சிட்டாப் பறக்கும், கிளம்புடி" என்றார். முப்பது வருஷம் ஆற்றிலேயே கிடந்த மனுஷன்! காலிப் படகு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று படகில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விடிவதற்குள் ஆறு ஏறிவிட்டது. பாலத்து வளைவுக்குள் நுழைய முடியவில்லை. அடியறைக்குள் தண்ணீர் விட்டுப் படகைத் தாழ்த்திப் பார்த்தோம், அப்போதும் ஒரு சாண் இடித்தது. காத்திருந்து ஓடு ஏற்றிய அடுத்த படகுக்கார மார்ஸ்லேன், பாரத்தில் அமுங்கி, எங்கள் கண்முன்னே பாலத்தைத் தாண்டிப் போனான். "என்னண்ணே, பாலத்துக்கு முட்டுக் குடுக்கிறீங்களா?" என்று கிண்டல் வேறு. அன்று மாலையே படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

ரயிலில் ஒரு மணி நேரம்தானே, நீ மட்டுமாவது வா என்பாய். எப்படி வருவேன்? தண்ணீர் ஏற ஏறக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வடியும்போது படகு கரைமேல் உட்கார்ந்துவிடாமல் கழியால் தள்ளிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தால் படகின் முதுகு ஒடிந்துவிடும், அதோடு நாங்கள் குடியிருக்கும் வீடும் போய்விடும். பத்தடி அறைக்குள் ஐந்து நாளாக இவர் முகத்தை நானும் என் முகத்தை இவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூச்சு முட்டுகிறது கிஸ்லேன்.

ரயில்காரனைக் கட்டிக்கொண்டாய் என்று மூன்று வருஷமாக உன் பெயரையே எடுக்காதவர். "நம்ம சரக்கையெல்லாம் பறிச்சவனுங்க வீட்டுக்கா பொண்ணு குடுப்பேன்?" என்று கத்தியது உனக்கு மறந்திருக்காது. எதற்கு இந்த அவசரம் என்று நேற்று கேட்டேன். "மாக்கோன்ல ஜோலி இருக்கு" என்றார். என்ன ஜோலி என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் இப்படி எழுதச் சொன்னார்: "ரயிலு ஓடுதுல்ல? அதுலயே ஏறி வரச் சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள் கண்ணே. கரையிலிருந்து படகுக்குப் போட்ட பலகை வழுக்கும், மாப்பிள்ளைக்குப் பழக்கமில்லை. அவர் கையைப் பிடித்துத் தானே ஏற்றிவிடுவதாக அப்பா சொல்கிறார்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

வழிபார்த்திருக்கும் அம்மா,
லெயோந்தின்