செடியும் சேடியும்

ஏழு கழிக்கும் எழுபது உப்பளத்துக்கும் உடையவராய் மணற்குடி நாடு ஆளும் பூவனமாதேவியார், பன்னிரு மலைக்கும் உடையவரும் தம் சம்பந்தியுமாகிய கோதைநங்கை மாதேவியார்க்கு விடுத்த ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் மருமகளாய் அங்கு வாழும் எங்கள் மகள் உமையாள் நாச்சியார், வயிற்றுப் பிள்ளையோடு நலமாயிருக்க.

தாங்கள் அனுப்பிய பணிப்பெண்கள் பன்னிருவரும், பாயும் தலையணையுமாக, ஒரு குறையுமின்றி வந்து சேர்ந்தனர். பூவனமாதேவியாரின் மனத்தாங்கல் அதுவே. அவர் கேட்டது பணிப்பெண்களை அல்ல.

மகள் என்றேனும் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருவாள் என்று, அவளை மணம் முடித்து அனுப்பிய ஆண்டிலேயே தேவியார் அரண்மனைப் புறக்கடையில் தம் கையால் ஒரு தோட்டம் போட்டார். விதைத்து இருபதாம் நாள் பிடுங்கிப் போடும் கீரையல்ல அங்கிருந்தவை. பெற்றவளுக்குப் பால் சுரக்க முருங்கை, வயிறு மந்தமாகாதிருக்கச் சுண்டை, வேலி முழுதும் கோவை, கல்லிடுக்கில் பிரண்டை, கிணற்றோரம் கறிவேப்பிலை என, ஒருமுறை ஊன்றினால் கிள்ளக் கிள்ளத் தழைத்து ஆண்டுதோறும் தாமே சோற்றுக்குத் துணைவரும் பயிர்கள். ஆறு ஆண்டு நீர் வார்த்தவை. வருகிற தையில் நாச்சியார் வரவேண்டும். எல்லாம் பருவத்துக்கு வந்து நின்றன.

அரண்மனைப் பணிப்பெண்களாகிய சேடியர் அந்த முருங்கைக் கிளையிலா ஊஞ்சல் கட்ட வேண்டும்? வேறு மரமே கிடைக்கவில்லையா என்று கேட்டுக் கேட்டு அலுத்த தேவியார், கோயில் யாத்திரை புறப்படுமுன், தோட்டத்துச் சேடிகளை உடனே அகற்றுக என்று தோட்ட அதிகாரி ஆதன் வேளாருக்கு ஓலை விடுத்தார். எகரக் குறிலுக்குப் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுத்தாணி அதை விட்டுவிடுவது தாங்கள் அறிந்ததே. குறுக்கிப் படித்தால் செடி. நீட்டிப் படித்தால் சேடி. வேளார் குறுக்கிப் படித்தார். தேவியார் திரும்பியபோது தோட்டம் உழுது கிடந்தது. வரப்பில் சேடியர் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தனர்.

"ஓலைப்படியே செய்தேன், தாயே. ஒரு வேர்கூட விடவில்லை" என்றார் அந்தப் புண்ணியவான், பாராட்டை எதிர்பார்த்து.

இந்த மழையிலேயே முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினால் தைக்குள் தழை பறிக்கலாம் என்று தேவியார் மனத்தைத் தேற்றிக்கொண்டு, நாச்சியார் வருமுன் செடிகள் அனுப்புக என்று தங்களுக்கு எழுதினார். தாங்கள் நீட்டிப் படித்தீர்கள். வந்தவர்களுள் மூத்தவளான மாணி கூசாமல் சொன்னாள்: "பெத்த மகளைப் பாத்துக்க அங்க ஆளில்லையான்னு எங்க அரசியார் கேக்கச் சொன்னாங்கம்மா."

தேவியார் அன்று உண்ணவில்லை. ஆயினும் அச்சொல்லைவிட, வீணாய்ப் பெய்துபோன பதினெட்டு நாள் மழையே அவர் நெஞ்சில் உறைக்கிறது. கார்த்திகை கழிந்தால் மண் இறுகிவிடும். மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கையில், தாய் சந்தையின் வாடிய கீரைக்குக் கையேந்தி நிற்பதோ?

ஆகவே பன்னிருவரும் இவ்வோலையோடு திரும்புகின்றனர். ஆளுக்கொரு பயிரின் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வாயால் கேட்டுக் கொடுத்தருள்க. மாணி முருங்கை என்பாள்; அவளுக்கு முழ நீளப் போத்தாக ஆறு வெட்டித் தருக. சுமந்து வந்து, நட்டு, தழைக்கும்வரை அவர்கள் இங்கேயே இருக்கட்டும். வேளார் குழி தோண்டி வைப்பார். அதற்கு ஓலை விடுக்கவில்லை, நேரில் சொல்லியாயிற்று. ஊஞ்சல் கயிறு மட்டும் எவளும் கொண்டுவரலாகாது.

மழை விடுமுன் செடிகளை அனுப்புக என்பது தாயொருத்தியின் வேண்டுகோள். அச்சொல்லைத் தாங்கள் குறுக்கிப் படிப்பினும் நீட்டிப் படிப்பினும் இம்முறை பிழையில்லை.

கழிநாரை முத்திரை வைத்தது, ஐப்பசி இருபதில்.