தலை அசையக்கூடாது

மார்ச் 4

அக்கா ஒருவழியாகக் கண்ணைக் காட்ட வந்தாள். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. கூடப் பிறந்தவள் கண் டாக்டராக இருந்து என்ன பயன்? "நீயே ஆபரேஷன் பண்ணு, வேற யாரும் தொடக்கூடாது" என்று இப்போது பிடிவாதம் வேறு.

கண்ணை உருட்டச் சொன்னேன். வலது லென்ஸ் நடுங்கியது. அதைத் தாங்கும் நார்கள் ஒரு பக்கம் அறுந்திருக்கின்றன. இடது லென்ஸ் அசையவே இல்லை. ஒரு கண்ணில் மட்டும் இப்படி என்றால் எல்லோரையும் கேட்பதைத்தான் கேட்டேன்: "கண்ணுல எப்பவாவது அடி பட்டுச்சா?"

"இவளுக்கா? இல்லவே இல்ல" என்றார் அத்தான்.

நான் கேட்டது அக்காவை.

மார்ச் 5

அவர் பக்கத்தில் நிற்கும்போதா அதைக் கேட்பது? என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

மார்ச் 12

ஆபரேஷன் முடிந்தது.

சொட்டு மருந்தில் மரத்த கண் மட்டும் வெளியே. முகத்தைத் துணி மூடியிருந்தது. விழித்துத்தான் இருந்தாள். லென்ஸின் உறை ஒரு பக்கம் தொய்ந்துகொண்டே வந்தது. மிச்ச நார்களும் விட்டுப்போனால் எல்லாம் கண்ணின் ஆழத்தில் விழுந்துவிடும். உறையை விரித்துப் பிடிக்கும் வளையத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தேன். அப்போது துணிக்கடியிலிருந்து குரல்:

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே... அவரு வெளியதான இருக்காரு?"

தலை அசைந்தது.

"பேசாதக்கா! வாய மூடு!"

மூடிக்கொண்டாள். வளையம் பொருந்தியது, புது லென்ஸும் சரியாக உட்கார்ந்தது. கண்ணைக் காப்பாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 13

கட்டைப் பிரித்ததும் என்னைத்தான் பார்த்தாள். "என்னடி, இத்தன நரையா உனக்கு?" சிரித்தோம்.

"நேத்து என்னக்கா சொல்ல வந்த?"

"பயத்துல ஏதாவது உளறியிருப்பேன். விடு." அத்தான் கார் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

மார்ச் 21

இன்றும் அக்காவின் போனை எடுத்தது அத்தான்தான்.

ஏப்ரல் 16

மறுபரிசோதனை. வலது கண் அருமையாக இருக்கிறது. இடது கண்ணுக்குக் கீழே ஏன் இவ்வளவு பவுடர்? உருட்டச் சொன்னேன். போன மாதம் அசையாமல் நின்ற லென்ஸ் — நடுங்குகிறது. ஐயோ அக்கா.

"படியில வழுக்கிட்டா" என்றார் அத்தான். நான் இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

மருந்து வாங்கி வரச்சொல்லி அவரை அனுப்பினேன். கதவைத் தாழிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, "இப்ப பேசுக்கா" என்றேன்.

"தலை அசையலாமா?"

"எவ்வளவு வேணா அசையட்டும்."

பேசினாள். நடுவில் அத்தான் கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.