சூரியப் படம் பகலுக்கு அல்ல

தர்மேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். குளிர் மட்டும் தரும் ஏர்கோன் போதும் என்றவளிடம் "ஒனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிட்டு, ஈப்போ வெயிலுக்குச் சூடும் தருவதாகப் பார்த்து வாங்கி மாடிப் படுக்கையறையில் மாட்டினீர்களே, அந்த அறிவை அங்கே பெருமையாகச் சொல்வாள்.

ஏர்கோன் கெட்டுப்போகவில்லை. ரிமோட்டில் சூரியப் படத்தை "இது பகலுக்குலா" என்று அழுத்தினீர்களே, அது ஹீட்டர். குளிருக்குப் பனிப்பூப் படத்தை அழுத்துங்கள். திட்டுவதற்காக வரச்சொன்ன கடைக்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

சமைத்து வைத்திருக்கும் மீன் கறியைச் சூடாக்க அடுப்பு வேண்டாம். மாடியில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத சரளா

பி.கு.: நேத்து நான் கீழ ஹால்ல படுத்தது சூட்டுக்காக இல்ல, அந்த ஒரு வார்த்தைக்காக. ரூம் குளிர்ந்துட்டா மட்டும் மேல வந்துட மாட்டேன்.